பள்ளத்தைத் தூக்காதீர்கள், பக்கத்தை நெருக்குங்கள்

புல்தரை கேள்வி–பதில்
பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கோல்ஃப் மைதானத் தலைமை மாலி

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ ஏறி, தெற்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடி வேலைக்குப் போகிறேன். ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. கிரீனில், அதாவது ஹோல் என்கிற குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கிற புல்தரையில், பந்து விழுந்து பள்ளமானால் நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும். பல் வைத்த சின்னக் கருவியான ஃபோர்க்கை நடுப்பள்ளத்தில் குத்தி, அடிமண்ணை நெம்பித் தூக்கிச் சமமாக்குகிறேன். அப்போதைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டே நாளில் அந்த இடம் மட்டும் வட்டமாகப் பழுத்துக் காய்ந்துவிடுகிறது. பெரியவர்கள் திட்டுகிறார்கள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். (எஸ்.வி., திருவொற்றியூர்)

பதில்: தம்பி, நெம்புகிறீர்களே, அங்கேதான் சிக்கல். பள்ளம் என்றால் அடியை மேலே கொண்டுவர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் இதையேதான் செய்வார்கள்.

பந்து விழும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோல்ஃப் பந்தின் எடை 46 கிராம்கூட இல்லை. ஆனால் உயரப் போய்ச் செங்குத்தாக இறங்கினால், அந்த எடைக்கே கிரீனில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் அகலமாகக் குழி விழும். மைதானத்தில் இதைப் பிட்ச் மார்க் என்பார்கள். ஒருநாள் குனிந்து, முட்டி போட்டுப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அடியில் இருக்கிற புல் நசுங்கி மண்ணோடு மண்ணாக அழுந்திக் கிடக்கும். பந்து சறுக்கிக்கொண்டு போன பக்கத்து விளிம்பில் புல் மடிந்து மேடாக எழும்பியிருக்கும். சில சமயம் ஒரு துண்டு பிய்ந்து பாதி தொங்கும். ஆனால் பள்ளத்துக்குக் கீழே இருக்கிற வேர்களில் பெரும்பாலானவை அமுங்கித்தான் இருக்கும், அறுந்திருக்காது.

நீங்கள் நடுவில் குத்தி நெம்பும்போது அந்த வேரும் அறுந்துவிடுகிறது. தூக்கிய மண்ணுக்கு அடியில் பொந்து விழுகிறது, காற்று புகுந்து மிச்ச வேரையும் உலர்த்துகிறது. நம்ம ஊர் வெயிலில் அதற்கு ஒரு மத்தியானம் போதும். மறுநாள் விடியற்காலையில் மிஷின் வரும். கிரீனில் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் விடுகிறோம். நீங்கள் தூக்கிவிட்ட இடம் சுற்றுமுற்றும் இருப்பதைவிட ஒரு நூல் உயரமாக இருந்தாலும் பிளேடு அதை மொட்டையடித்துவிட்டுப் போகும். இரண்டாம் நாள் நீங்கள் பார்க்கிற பழுப்பு வட்டத்தில் பந்துக்குப் பங்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஃபோர்க்கின் வேலை.

சரி, எப்படிச் செய்வது? பிய்ந்து தொங்குகிற துண்டு பச்சையாக இருந்தால் முதலில் விரலால் பழைய இடத்துக்கு இழுத்து வையுங்கள். வேரே இல்லாத சருகு என்றால் எடுத்துப் போட்டுவிடுங்கள். ஃபோர்க்கைப் பள்ளத்துக்குள் விடவே கூடாது. விளிம்புக்கு வெளியே, நல்ல புல் இருக்கிற இடத்தில், கொஞ்சம் சாய்வாக இறக்குங்கள். இப்போது கைப்பிடியைப் பள்ளத்தின் நடுவை நோக்கிச் சாய்த்துத் தள்ளுங்கள். கவனம், உங்கள் பக்கம் இழுத்தால் பல் மண்ணைக் கிளப்பிவிடும். நடுவை நோக்கித் தள்ளினால், வெளியே இருக்கிற உயிருள்ள புல் தன் மண்ணோடு நகர்ந்து உள்ளே நெருங்கி வரும். எடுத்து, கொஞ்சம் தள்ளி அடுத்த இடத்தில் இறக்கி, அதே மாதிரி. சுற்றிலும் நாலைந்து இடத்தில் செய்தால் குழியின் வாய் மூடிவிடும். நசுங்கின அடிப்புல் அடியிலேயே கிடக்கட்டும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்புறம் கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையின் அடிப்பக்கத்தால் லேசாகத் தட்டிவிடுங்கள், அல்லது ஷூவால் ஒரு மிதி. கையைப் படுக்க வைத்துத் தடவினால் மேடும் தெரியக்கூடாது, பள்ளமும் தெரியக்கூடாது. பழகிவிட்டால் உங்கள் ஆள் பந்துக்குப் பின்னால் போய் நின்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

இப்படி மூடியதைப் புல்லே தைத்துக்கொள்ளும். நம் ஊர் கிரீன்களில் இருப்பது பெரும்பாலும் பெர்முடா வகை. அது வேறு யாரும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லின் சொந்தக்காரன். அருகம்புல்லும் தென்னாப்பிரிக்காவின் இன்னொரு புல்லும் கலந்த கலப்பினம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் தேர்ந்தெடுத்து 1965ல் வெளியிட்ட டிஃப்டுவார்ஃப் இதில் பேர்போன ஒன்று. இந்தக் கலப்பினங்கள் விதை வைக்காது. தரைமேல் ஓடுகிற கொடியாலும் மண்ணுக்குள் ஓடுகிற தண்டாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் பரவும். அதனால் மூடின பள்ளம், வெயில் காலமாக இருந்து தண்ணீரும் சரியாக இருந்தால், பத்துப் பதினைந்து நாளில் தெரியாமல் போய்விடும். நெம்பின பள்ளமோ வாரக்கணக்கில் வழுக்கையாக நிற்கும்.

இன்னொன்று: பள்ளத்தைப் பந்து நின்ற இடத்தில் தேடாதீர்கள். பந்து விழுந்து, துள்ளி, முன்னால் ஓடியிருக்கும். நல்ல ஆட்டக்காரர், பந்தை உயரத் தூக்குகிற வெட்ஜ் மட்டையால் அடித்திருந்தால் பின்னாலும் உருண்டு வந்திருக்கும். பந்து பறந்து வரும்போதே அது முதலில் தரையைத் தொடுகிற இடத்தைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். தாழப் போட்டு உருட்டிவிட்ட அடிக்குப் பள்ளமே இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஊறிக்கிடக்கும்போது மட்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி நிச்சயம்.

கேள்வி: கிளப்புக்குச் சந்தா கட்டுகிறோம், மாலிகளுக்குச் சம்பளம் போகிறது. ஆட வருகிறவர்கள் எதற்காகக் குனிந்து மண் குத்த வேண்டும்? ஒரு சின்னப் பள்ளத்துக்கு இத்தனை அமர்க்களமா? (பெயர் வேண்டாம், கீழ்ப்பாக்கம்)

பதில்: ஐயா, மாலி செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் நீங்கள் காலை எட்டு மணிக்குப் போட்ட பள்ளத்தை அவர் மறுநாள் ஐந்தரைக்குத்தான் பார்ப்பார். அதற்குள் பிய்ந்த புல் ஒரு முழுப்பகல் வெயிலைத் தின்றிருக்கும். உடனே மூடினால் பிழைக்கிற புல் மறுநாள் மூடினால் பிழைக்காது. சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு ஆட்டத்தில் ஆறேழு பள்ளம் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் ஆடினால் 600, 700 பள்ளம். அத்தனையையும் திங்கட்கிழமை காலை இருட்டில் நாலைந்து பேர் தேடிக் குனிய வேண்டும்.

சின்னப் பள்ளம் என்கிறீர்கள். நம்ம பக்கம் கேரம் ஆடுகிற எந்தப் பையனையும் கேளுங்கள், ஸ்டிரைக்கர் போகிற வழியில் ஒரு தூசி கிடந்தால் காய் எங்கே போகும் என்று. நாலேகால் அங்குல ஹோலுக்கு ஓரடி முன்னால் உங்கள் பந்து மெதுவாக உருளும்போது, நேற்று யாரோ மூடாமல் விட்ட குழியில் விழுந்து விலகினால், அப்போதும் மாலியைத்தானே திட்டுவீர்கள்?

கேள்வி: பந்து போகும் பாதையில் இருக்கிற ஷூ ஆணித் தடத்தைச் சரிசெய்தேன். கூட ஆடிய பழைய ஆள் ஒருவர் பெனால்டி என்று ஒற்றைக் காலில் நின்றார். யார் சொல்வது சரி? (டி.ஜெ., ராயபுரம்)

பதில்: நீங்கள் செய்ததுதான் சரி. அவர் சொல்வது பழைய சட்டம். 2018 வரைக்கும் பிட்ச் மார்க்கையும், பழைய ஹோலை அடைத்த இடத்தையும் மட்டும்தான் தொடலாம். 2019ல் விதிகளை மாற்றியபோது விதி 13.1c கதவைத் திறந்துவிட்டது. மனிதரோ மிருகமோ பறவையோ கிரீனில் செய்த சேதம் எதையும் சரிசெய்யலாம். ஷூத் தடம், கொடிக்கம்பு குத்தின தடம், மிஷின் கீறினது, காக்கை கொத்தினது எல்லாம் இதில் அடங்கும். உங்கள் கேடி உங்களைக் கேட்காமலே செய்யலாம்.

தொடக்கூடாதவையும் உண்டு. தரைக்குக் காற்றோட்டம் கொடுக்க நாங்கள் போடுகிற வரிசை ஓட்டைகள், மழையோ ஸ்பிரிங்ளரோ உண்டாக்கின தடம், களை, நோய் வந்து வழுக்கையான இடம், நாள்பட்டுத் தேய்ந்த ஹோல் விளிம்பு. இவற்றைச் சரிபண்ணிப் பாதையை நல்லதாக்கிக்கொண்டால் மொத்த அடிகளை எண்ணுகிற ஸ்டிரோக் ஆட்டத்தில் இரண்டு அடி அபராதம், ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி பார்க்கிற மேட்ச் ஆட்டத்தில் அந்த ஹோலே போச்சு. இந்தச் சலுகை கிரீனுக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். கிரீனை ஒட்டின ஓரப் புல்லில், உங்கள் பாதையில் ஏற்கெனவே இருக்கிற பள்ளத்தைத் தட்டிச் சமமாக்க அனுமதி இல்லை. ஆடி முடித்துவிட்டுத் திரும்பி வந்து மூடுங்கள், புண்ணியம்.

பந்து தன் பள்ளத்திலேயே சொருகி நின்றுவிட்டால், முதலில் காசு வைத்து அடையாளம், அப்புறம் பந்தை எடுத்துத் துடைத்து, பள்ளத்தை மூடி, பழைய இடத்திலேயே வைத்து ஆடுவது. இந்த வரிசை மாறக்கூடாது.

அந்தப் பெரியவரிடம் இந்தப் பத்திரிகையைக் காட்டுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனாலும் காட்டுங்கள்.

கேள்வி: பிட்ச் மார்க் கருவி நல்லதாக ஒன்று வாங்க வேண்டும். ஸ்பிரிங் வைத்தது, மடக்குவது என்று ஆன்லைனில் என்னென்னவோ காட்டுகிறது. (கே.எம்., பெரம்பூர்)

பதில்: காசை மிச்சம் பண்ணுங்கள். முதல் அடிக்குப் பந்தை ஏற்றி வைக்கிற மரக் குச்சி இருக்கிறதே, டீ என்பார்கள், அது போதும். சாவிகூடச் சரிதான். நாங்கள் ஷெட்டில் வைத்திருந்தது பழைய காய்கறிக் கத்தி, முனையைத் தேய்த்து மழுக்கினது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் பல் குட்டையாக, மெல்லிசாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பல் நீளமாக இருந்தால் கைக்கு நெம்பத்தான் தோன்றும்.

கேள்வி: எங்கள் பள்ளி மைதானத்தின் மூலையில் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு கிரீன் போட ஆசை. கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் மணலுக்குப் பஞ்சம் இல்லை. அருகம்புல்லும் தாராளமாகக் கிடைக்கிறது. போர் தண்ணீர் இருக்கிறது. போதுமா? (உடற்கல்வி ஆசிரியர், எண்ணூர்)

பதில்: ஆசைக்கு ஒரு கும்பிடு சார். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஃபுட்பாலும் பாக்சிங்கும் கேரமும் ஆடித்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை பட்டர் பிடித்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றிலும் வில்லங்கம் இருக்கிறது.

கடற்கரை மணலை அள்ளுவதற்குச் சட்டமே இடம் தராது, அதை முதலில் விட்டுவிடுங்கள். அப்படியே கிடைத்தாலும் உப்பு, கிளிஞ்சல் தூள், எல்லாம் ஒரே மாதிரி உருண்டையான பொடி மணி. கிரீனுக்கு வேண்டியது, பெரும்பகுதி கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிற மணல். பெரிய கிளப்புகளில் அடியில் நாலு அங்குலம் ஜல்லி, அதற்குள் வடிகால் குழாய், மேலே ஒரு அடி மணல் என்று போடுவார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960ல் வெளியிட்டுப் பரவின முறை இது. தண்ணீர் வேகமாக இறங்க வேண்டும், ஆனால் வேருக்குக் கொஞ்சம் நிற்கவும் வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு. எம் சாண்டில் இருக்கிற கல் தூள் போகப் போகச் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம். சலித்த ஆற்று மணல் கொஞ்சமாவது கிடைத்தால் பாருங்கள்.

தெருவோர அருகம்புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டினால் ஒரே மாதத்தில் தரை தெரியும். இலை முழுக்கப் போய்த் தண்டுதான் மிஞ்சும். கிரீனுக்கென்று குள்ளமாகத் தேர்ந்தெடுத்த வகைகள்தான் அந்த வெட்டைத் தாங்கும். அதற்கு உருளை பிளேடு மிஷின் வேண்டும், தினமும் ஆள் வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தால் ஆகிற காரியம் இல்லை.

போர் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்தால் யோசிக்க வேண்டும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல் நீர் ஏற ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எண்ணூரில் இருந்துகொண்டு இனிப்புத் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. அருகம்புல் உப்பை ஓரளவு தாங்கும், பேஸ்பாலம் என்கிற கடலோரப் புல் இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் உப்பு மேல்மண்ணில் தங்காமல் அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டு அலசி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் வருணன் பார்த்துக்கொள்வார், மார்ச்சிலிருந்து உங்கள் பாடு.

நான் சொல்வது இதுதான்: அருகம்புல்லை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் வெட்டி, கெட்டியான புல்தரையாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் அகலமான ஒரு குழி வெட்டி, பிள்ளைகள் பத்தடி தூரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டுப் பழகட்டும். உருட்டிப் பழக வராண்டாவில் ஒரு கார்ப்பெட் துண்டு போதும். நிஜமான கிரீனைவிட அதில்தான் பந்து நேராகப் போகும்.

கேள்வி: நான் மாலியாக இருக்கிற இடத்தில், பழைய பிட்ச் மார்க் தழும்புகளில் போன மழைக்குக் கறுப்பாக வழவழவென்று பாசி படிந்துவிட்டது. யூரியா போட்டேன், சுற்றியிருந்த புல் கருகியதுதான் மிச்சம். (ஆர்., கொடுங்கையூர்)

பதில்: யூரியாவைக் கையால் அள்ளித் தழும்பில் போட்டால் கருகத்தான் செய்யும். பாசிக்கு வேண்டியது ஈரம், நிழல், வெறும் மண். புல் மூடியிருக்கிற இடத்தில் அது ஏறாது. காய்ந்த நாளாகப் பார்த்து அந்தப் பாசித் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். குச்சியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போட்டு, மேலே உலர்ந்த மணலை மெல்லிசாகத் தூவித் தேய்த்துவிடுங்கள். மேலே மரக்கிளை இருந்தால் கவாத்துப் பண்ணச் சொல்லிக் கேளுங்கள். காலையில் விடுகிற தண்ணீரையும் குறையுங்கள்.

தழும்பு பெரிதாகி அரை சாண் வழுக்கையாகிவிட்டது என்றால் காத்திருந்து பிரயோஜனம் இல்லை. ஹோல் வெட்டுகிற கருவியால் அந்த இடத்தை எடுத்துவிட்டு, ஒட்டுப்போடுவதற்கென்றே புல் வளர்க்கிற நர்சரி கிரீனிலிருந்து அதே ஆழத்துக்கு ஒரு துண்டை எடுத்துச் சொருகுங்கள். கிரீனின் ஓரத்திலிருந்தும் எடுக்கலாம். முதல் தடவை சொருகும்போது துண்டு ஒரு நூல் மேலே நிற்கும். அப்படியே விட்டால் மிஷின் சீவிவிடும். வெளியே எடுத்து, அடியில் கொஞ்சம் மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். தாழ்ந்து போனால் அடியில் ஒரு சிட்டிகை மணல். சமமாகும்வரை எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை, அது கெட்டுப்போகாது. சுற்று இடுக்கில் மணல் தள்ளி, காலால் அழுத்தி, ஒரு வாரம் கைத்தண்ணீர். வெயில் காலம் என்றால் மத்தியானம் இன்னொரு தடவை தெளியுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் எங்கள் ஃபுட்பால் கிரவுண்டில் கோல் போஸ்ட் முன்னால் புல்லே நிற்பதில்லை. ஸ்டட்டால் பிய்ந்து பிய்ந்து குழியாகிவிட்டது. கோல்ஃப் வைத்தியம் இங்கே பலிக்குமா? (ஒரு கோல்கீப்பர்)

பதில்: பாதி பலிக்கும் தம்பி. மேட்ச் முடிந்த உடனே, பிய்ந்து கிடக்கிற பச்சைத் துண்டுகளைப் பொறுக்கி அதனதன் குழியில் வைத்து மிதித்துவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. கால் மிதித்துப் பாறையான மண்ணுக்கு மேலே என்ன வைத்தாலும் பிடிக்காது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை கடப்பாரையாலோ முள் மண்வெட்டியாலோ அரை அடி ஆழம் குத்தி, லேசாக ஆட்டிவிட்டு, மணல் நிரப்புங்கள். இங்கே நெம்பலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பயிற்சி நாட்களில் போஸ்ட்டை இடம் மாற்றி வைக்க முடிந்தால் அதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. முடியாது என்றால், ஓரத்தில் இரண்டு பாத்தி அருகம்புல் வளர்த்து வைத்துக்கொண்டு, ஜூன், ஜூலையில் ஆட்டம் குறைகிற மூன்று வாரம் பார்த்துக் கொடி நட்டுக் கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தாண்டி வருகிற சின்னப் பசங்களை விரட்ட ஆள் போடுவது உங்கள் பொறுப்பு.